புதிய வன்தட்டும் பழைய இயங்குதளமும்: சேலம், நாமக்கல் தொழில்களின் வழியே ஒரு வரலாறு

மின்விசிறியை விட்டுவிட்டால், மேசைக் கணினிக்குள் தொடர்ந்து சுழன்று இயங்கும் உறுப்பு வன்தட்டுதான். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை அது சுழல்கிறது. தட்டின் மேற்பரப்பைத் தொடாமல், முடியிழையின் பருமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில், அதன் தலை மிதந்து செல்கிறது. ஆகவே கணினியில் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கெட்டுப்போகும் உறுப்புகளில் வன்தட்டும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. கெட்டால் கடைக்குப் போய்ப் புதிது வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கணினியும் அதன் இயங்குதளமும் புதியவையாக இருந்தால் அது சரி. பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய இயங்குதளமாக இருந்தால், கடையில் கிடைக்கும் வன்தட்டை அது அறியாமல் போகலாம். பாதி அளவை மட்டும் அறியலாம். அறிந்ததுபோல் காட்டி, எழுதியதை அழித்தும் விடலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் இது வெறும் கணினிக்காரர் சிக்கல் அல்ல. 1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது நாமக்கல் மாவட்டம். விசைத்தறி, சேலை நெசவு, ஜவ்வரிசி ஆலை, லாரிக்குக் கூடு கட்டுதல், ஆழ்துளைக் கிணற்று ரிக், கோழிப்பண்ணை எனச் சிறுதொழில்களால் நிறைந்த வட்டாரம் இது. இத்தகைய தொழில்களில் கணினி தனித்து நிற்பதில்லை; ஏதேனும் ஓர் இயந்திரத்தோடு கட்டப்பட்டிருக்கும். எடைமேடையின் சுமைக் கருவியோடு, ஜக்கார்டுத் தறிக்கான அட்டையில் துளையிடும் இயந்திரத்தோடு, எம்பிராய்டரி இயந்திரத்தோடு, அச்சகத்தின் பழைய லேசர் அச்சுப்பொறியோடு. இயந்திரம் இருபது ஆண்டு உழைக்கும். அதை இயக்கும் மென்பொருள் அது வந்த ஆண்டின் இயங்குதளத்துக்கென்றே எழுதப்பட்டது. இடையில் வன்தட்டு மட்டும் இரண்டு, மூன்று முறை போய்விடும். மாற்று கிடைக்கவில்லை என்றால் நிற்பது கணினி மட்டுமல்ல, அன்றைய கூலியும்தான்.

ஜக்கார்டு அட்டையிலிருந்து வன்தட்டுக்கு

இளம்பிள்ளைச் சேலை தெரிந்தவர்களுக்கு ஜக்கார்டு என்ற சொல் புதிதல்ல. பிரான்சின் லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் உருவாக்கிய கருவி அது. துளையிட்ட அட்டைகள் வரிசையாக நகரும். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும், அதற்குரிய பாவு நூல் எழும்பும். துளை இல்லாத இடத்தில் நூல் படுத்திருக்கும். 'உண்டு, இல்லை' என்ற இரண்டே நிலைகளில் ஒரு முழுச் சேலையின் பூவேலையும் எழுதப்பட்டுவிடுகிறது.

துளையிட்ட அட்டையில் தகவலைப் பதியும் முறையை ஹெர்மன் ஹாலரித் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தினார். அவருடைய நிறுவனம் 1911-இல் வேறு நிறுவனங்களோடு இணைந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. அதே ஐபிஎம்தான் 1956-இல் முதல் வணிக வன்தட்டை வெளியிட்டது. ஐபிஎம் 350 என்ற அந்தக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன; அது ஒரு பெரிய பீரோவைவிடப் பெரியது; கொள்ளளவோ 50 இலட்சம் எழுத்துகள்தாம். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதற்குள் அடங்கச் சிரமப்படும்.

அட்டைக்கும் வன்தட்டுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். அட்டையைத் தறி நேரடியாகத் தொட்டுப் படிக்கிறது. துளைகளின் இடைவெளி பொருந்தினால் போதும். வன்தட்டை எந்த மென்பொருளும் நேரடியாகத் தொடுவதில்லை. மென்பொருள் இயங்குதளத்தைக் கேட்கிறது. இயங்குதளம், தாய்ப்பலகையில் உள்ள பயாஸ் என்னும் அடிப்படை நிரலையோ தன் சொந்த இயக்கியையோ கேட்கிறது. அது வன்தட்டின் மின்சுற்றைக் கேட்கிறது. 'இத்தனையாவது இடத்தில் உள்ளதைக் கொடு' என்பதுதான் கேள்வி. இந்த ஒவ்வொரு படியிலும் 'இத்தனையாவது' என்ற எண்ணை எழுத எத்தனை இலக்கம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் பின்வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

32 எம்பி முதல் 8 ஜிபி வரை

ஐபிஎம் தனிக்கணினியின் எக்ஸ்டி வகை 1983-இல் 10 எம்பி வன்தட்டோடு வந்தது. அடுத்த ஆண்டு வந்த ஏடி வகையில் 20 எம்பி. அன்றைய டாஸ் இயங்குதளம் செக்டர் எனப்படும் 512 பைட்டுச் சிறுகூறுகளாக வன்தட்டைப் பார்த்தது. கூறுகளை எண்ண அது ஒதுக்கியது 16 பிட்டு. 16 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் 65,536. அதை 512-ஆல் பெருக்கினால் 3,35,54,432 பைட்டு, அதாவது 32 எம்பி. பத்து எம்பி வன்தட்டே பெரிது என்றிருந்த காலத்தில் இந்த எல்லை யாரையும் உறுத்தவில்லை. சில ஆண்டுகளிலேயே 40 எம்பி வன்தட்டுகள் வந்தபோது உறுத்தியது. 1987-இல் டாஸ் 3.3 ஒரே தட்டைப் பல பிரிவுகளாகப் பிரித்துக்கொள்ள வழிசெய்தது. அதே காலத்தில் காம்பேக் நிறுவனத்தின் டாஸ் 3.31 எல்லையையே உடைத்தது.

1984 நவம்பரில் இந்திய அரசின் புதிய கணினிக் கொள்கையும் 1991-க்குப் பிந்தைய தாராளமயமும் வந்த பிறகே தமிழகத்தின் உள்மாவட்டங்களுக்குக் கணினி பரவலாக வந்தது. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் உதிரிப் பாகங்களை வாங்கி உள்ளூரிலேயே கணினி பூட்டித் தரும் கடைகள் பெருகின. அப்போது குறுக்கே நின்ற எல்லை 504 எம்பி.

இது இரண்டு தனித்தனி விதிகள் மோதியதால் வந்தது. பயாஸ், வன்தட்டின் உருளைகளை 1,024 வரைதான் எண்ணும்; தலைகளை 256 வரை எண்ணும். வன்தட்டை இணைக்கும் ஐடிஇ விதியோ உருளைகளை 65,536 வரை எண்ணும். தலைகள் 16-க்கு மேல் கூடாது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற வேண்டுமென்றால் இரண்டிலும் சிறியதைத்தான் எடுக்க முடியும்: 1,024 உருளை, 16 தலை, 63 செக்டர், 512 பைட்டு. பெருக்கினால் 52,84,82,304 பைட்டு. தனித்தனியே பார்த்தால் இரண்டு விதிகளுமே தாராளமானவை. சேர்ந்தபோதுதான் கழுத்தை நெரித்தன. இப்படிப் பேசிவைத்துக்கொள்ளாத இரண்டு குழுக்களின் முடிவுகள் பயனரின் மேசையில் வந்து மோதுவது கணினி வரலாறு முழுவதும் நடக்கிறது.

இதைக் கடக்க, தலைகளின் எண்ணிக்கையைப் பொய்யாகக் கூட்டி உருளைகளைக் குறைத்துக் காட்டும் உத்தியைப் பயாஸ் கையாண்டது. பழைய பயாஸ் உள்ள கணினிகளுக்கு வன்தட்டு நிறுவனங்கள் ஒரு சிறு மென்பொருளைக் கொடுத்தன. அது தட்டின் முதல் செக்டரில் உட்கார்ந்துகொண்டு, டாஸ் எழுந்திருக்கும் முன்பே தான் எழுந்து முகவரிகளை மாற்றித் தரும். இதில் ஓர் ஆபத்து இருந்தது. ஃபிளாப்பியிலிருந்து கணினியைக் கிளப்பினால் அந்த இடைத்தரகர் எழுந்திருக்கமாட்டார். தட்டு காலியாக இருப்பதுபோலத் தெரியும். வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் போட்டால் கணக்கெல்லாம் போயிற்று.

அடுத்த எல்லை 2 ஜிபி. விண்டோஸ் 95-இன் முதல் பதிப்பு வரை பயன்பட்ட ஃபேட்16 என்ற கோப்பு முறைமை, தட்டை ஏறத்தாழ 65,500 கட்டங்களாகத்தான் பிரிக்கும். ஒரு கட்டத்தின் அதிகபட்ச அளவு 32 கேபி. ஆகப் பெருக்கினால் சுமார் 2 ஜிபி. அதைவிட உறுத்தியது இட வீண். 1 ஜிபிக்கு மேற்பட்ட பிரிவில் ஒரு கட்டம் 32 கேபி என்றானதால், ஒரு கேபி அளவுள்ள சிறு கடிதக் கோப்பும் 32 கேபியை அடைத்துக்கொண்டது. பில்லும் ரசீதுமாக ஆயிரக்கணக்கில் சிறு கோப்புகளை வைத்திருந்த கடைகளில், இடம் இருந்தும் தட்டு நிரம்பியது. 3.2 ஜிபி, 4.3 ஜிபி வன்தட்டு வாங்கியவர்கள் அதை சி, டி, இ என்று கூறுபோட்டார்கள். நம் ஊர்க் கணினிகளில் இன்றுவரை தொடரும் அந்தக் கூறுபோடும் பழக்கத்துக்கு இந்த எல்லையும் ஒரு காரணம். சி போனாலும் டியில் உள்ள கணக்கு தப்பும் என்ற அனுபவ அறிவு இன்னொன்று. 1996 ஆகஸ்டில் விண்டோஸ் 95-இன் இரண்டாம் வெளியீட்டோடு வந்த ஃபேட்32 இந்த எல்லையைத் தீர்த்தது.

பிறகு 8.4 ஜிபியில் பயாஸின் 1,024 உருளை, 256 தலைக் கணக்கே முற்றாகத் தீர்ந்தது. அதைத் தாண்ட, உருளை, தலை என்ற பேச்சையே விட்டுவிட்டு முதல் செக்டர் முதல் கடைசிவரை ஒரே வரிசை எண் இடும் முறைக்கு எல்லோரும் மாறினார்கள். 33.8 ஜிபியில் சில பழைய பயாஸ்கள் திரையிலேயே உறைந்து நின்றன. 40 ஜிபி வன்தட்டின் பின்புறத்தில் இருந்த ஜம்பரை மாற்றிப் போட்டு, அது தன்னை 32 ஜிபி என்று சொல்லிக்கொள்ளச் செய்வதே அதற்கு வைத்தியம். எட்டு ஜிபியை இழந்து வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

137 ஜிபி: தரவை அழித்த எல்லை

மேலே சொன்ன எல்லைகளில் தட்டு தெரியாமல் போகும், அல்லது குறைத்துத் தெரியும். அடுத்தது அப்படியல்ல. வரிசை எண்ணுக்கு ஐடிஇ விதி ஒதுக்கியது 28 பிட்டு. அதில் எழுதக்கூடிய எண்கள் 26,84,35,456. 512-ஆல் பெருக்கினால் 13,743 கோடிப் பைட்டுக்குச் சற்று மேல். இதுவே 137 ஜிபி எல்லை. 2002-இல் இறுதியான ஏடிஏ-6 விதி இதை 48 பிட்டாக உயர்த்தியது. ஆனால் 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் பதிப்புக்கு 48 பிட்டு தெரியாது. 2002 செப்டம்பரில் வந்த முதல் சேவைத் தொகுப்புக்குப் பிறகுதான் தெரியும். விண்டோஸ் 2000-க்குச் சேவைத் தொகுப்பை நிறுவியபின் பதிவேட்டிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைத் தரவே இல்லை.

28 பிட்டு மட்டுமே தெரிந்த இயங்குதளம் 160 ஜிபி தட்டின் கடைசிப் பகுதியில் எழுத முயன்றால் என்ன ஆகும்? நாமக்கல் லாரியின் ஓடோமீட்டரை நினைத்துக்கொள்ளலாம். ஆறு இலக்கமே உள்ள மீட்டர் 999999-ஐத் தாண்டினால் 000000-க்குத் திரும்பிவிடும். ஓடிய தூரம் குறைந்துவிடவில்லை. எழுத இடம் இல்லை, அவ்வளவே. அதுபோல 28 பிட்டுக்கு மேற்பட்ட முகவரியின் முன் இலக்கம் உதிர்ந்து, எழுத்து தட்டின் தொடக்கத்துக்கே போய் விழுந்தது. தட்டின் தொடக்கத்தில்தான் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இருக்கும். அட்டவணை போனால் எல்லாம் போன மாதிரி.

கொடுமை என்னவென்றால் இது முதல் நாளில் நடக்காது. தட்டில் முதல் 137 ஜிபி நிரம்பும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். கணக்குகளும் படங்களும் டிசைன்களும் சேர்ந்து தட்டு நிரம்பி வரும் சமயத்தில், அதாவது இழப்பதற்கு மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் சமயத்தில்தான் அழியும்.

எக்ஸ்பியின் முதல் பதிப்புக் குறுவட்டில் நிறுவினால், 160 ஜிபி தட்டும் சுமார் 128 ஜிபிதான் காட்டும். சரியான பதிப்பில் நிறுவினாலும் 149 ஜிபிதான் காட்டும், அது கோளாறல்ல. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடிப் பைட்டு என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 107.37 கோடிப் பைட்டு என்று கணக்கிடுகிறது. ஒன்று எல்லைச் சிக்கல், மற்றது படிக்கணக்குக்கும் லிட்டர் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் போன்றது. இரண்டையும் ஒன்றென எண்ணி, 'எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும்' என்று விட்டுவிட்டவர்களே பின்னால் தரவை இழந்தவர்கள்.

ஃபிளாப்பி இல்லாத கணினியில் எஃப்6

2003 முதல் சாட்டா இணைப்பு பரவியது. அகலமான நாடாக் கம்பி போய் மெல்லிய கம்பி வந்தது. எக்ஸ்பி வெளிவந்தபோது சாட்டா இல்லை. அதன் முழுத் திறனைப் பயன்படுத்தும் ஏஹெச்சிஐ முறைக்கான இயக்கி எக்ஸ்பி குறுவட்டில் கிடையாது. நிறுவத் தொடங்கினால் வன்தட்டே இல்லை என்று சொல்லும், அல்லது 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை வரும். எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியில் இயக்கியைக் கொடுங்கள் என்பதே மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த வழி. சாட்டா பரவிய வேகத்திலேயே ஃபிளாப்பி இயக்ககம் கணினிகளிலிருந்து மறைந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சர்வீஸ் கடைகள் வேறு வழி கண்டன. பயாஸில் சாட்டாவை ஐடிஇ போல நடிக்கச் செய்யும் அமைப்பு ஒன்று இருந்தது. அதை மாற்றிவிட்டால் எக்ஸ்பி ஒன்றும் தெரியாமல் நிறுவிக்கொள்ளும். பல கணினிகளில் அந்த அமைப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. பயாஸ் மின்கலம் தீர்ந்து அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பும் நாளில் அந்தக் கணினி நீலத்திரையில் நின்றுவிடும். வன்தட்டு நன்றாகத்தான் இருக்கும். காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்துவிடுபவர்களும் உண்டு.

2011

மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் சேர்ந்தன.

முதலாவது, செக்டரின் அளவு மாறியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக 512 பைட்டாக இருந்ததை 4,096 பைட்டாக்க வன்தட்டு உற்பத்தியாளர்கள் கூடி முடிவெடுத்தார்கள். 2011 ஜனவரி முதல் புதிய வகைகள் இந்த அமைப்பில் வரும் என்று அறிவித்தார்கள். வெளியே 512 பைட்டுபோலக் காட்டிக்கொண்டதால் எக்ஸ்பியிலும் இவை வேலை செய்தன. ஆனால் எக்ஸ்பி தன் முதல் பிரிவை 63-ஆவது செக்டரில் தொடங்கும். அது உருளை, தலை காலத்திலிருந்து வந்த பழக்கம். 63 எட்டால் வகுபடாது. எனவே எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4 கேபி கட்டமும் இரண்டு உண்மையான செக்டர்களின் மேல் குறுக்காக விழுந்தது. ஒன்றை எழுத இரண்டைப் படித்து, திருத்தி, இரண்டையும் எழுத வேண்டும். தட்டு பழுதில்லை, வேகம் மட்டும் படுத்துவிட்டது. வெஸ்டர்ன் டிஜிட்டல் சில வகைகளில் 7, 8 ஊசிகளுக்கு ஒரு ஜம்பரைக் கொடுத்தது. அதைப் போட்டால் தட்டு எல்லா எண்களையும் ஒன்று கூட்டிக்கொள்ளும், 63 என்பது 64 ஆகிவிடும். ஒரே பிரிவாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவரும். நம் ஊரில்தான் எல்லாரும் சி, டி, இ என்று போட்டிருந்தார்களே!

இரண்டாவது, 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளம். உலக வன்தட்டு உற்பத்தியில் பெரும்பங்கு அந்த நாட்டில் நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் ஆலை நீரில் மூழ்கியது. சில்லறைக் கடைகளில் விலை பல இடங்களில் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஏறியது. இருக்கும் ஆலைகள் விற்பனை மிகுந்த புதிய வகைகளைத்தானே முதலில் செய்யும்? ஏற்கெனவே அருகிவந்த 40 ஜிபி, 80 ஜிபி ஐடிஇ தட்டுகள் இன்னும் அரிதாயின. அதன் பிறகு சில ஆண்டுகளில் ஐடிஇ வன்தட்டு உற்பத்தியே நின்றுபோனது. பழைய இயங்குதளம் ஓடும் கணினிக்கு உகந்த தட்டு, பழைய சாமான் கடையில் மட்டும் கிடைக்கும் பொருளாயிற்று.

மூன்றாவது, மின்வெட்டு. 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன தட்டுப்பாட்டில் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பல மணி நேரம் இருளில் இருந்தன. சேலம், நாமக்கல் விசைத்தறிகள் அதில் பட்ட பாடு இப்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் வன்தட்டின் தலை அவசரமாக ஒதுங்க வேண்டும். பாதி எழுதிய அட்டவணை பாதியிலேயே நிற்கும். யுபிஎஸ் மின்கலம் தேய்ந்த இடங்களில் இது நாளுக்குப் பலமுறை நடந்தது. தட்டுகள் கூடுதலாகப் பழுதாகக்கூடிய அதே காலத்தில்தான் மாற்றுத் தட்டு விலையேறியது. கிடைத்த தட்டும் பழைய இயங்குதளத்துக்கு ஒத்துவராததாக இருந்தது.

அதே 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கப்பட்ட அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7, இந்தியாவின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. விண்டோஸ் 7 தன் பிரிவை ஒரு எம்பி எல்லையில் தொடங்குவதால் 4,096 பைட்டுச் செக்டர் அதற்கு ஒரு பொருட்டல்ல. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பையில் இருந்த கணினி புதிய தட்டை ஏற்றது; குடும்பத்துக்குச் சோறு போட்ட தறிக்கூடத்துக் கணினிதான் ஏற்கவில்லை.

2 டிபியும் வெளித்தட்டும்

தட்டின் முதல் செக்டரில் உள்ள எம்பிஆர் என்னும் பிரிவு அட்டவணை 32 பிட்டு எண்களையே தாங்கும், 2.2 டிபிக்கு மேல் எழுத முடியாது. அதற்கு மாற்றாக வந்த ஜிபிடி அட்டவணையை 32 பிட்டு எக்ஸ்பி படிக்காது. இந்த எல்லை தொழிற்கூடங்களைவிடத் திருமண வீடியோ, புகைப்பட நிலையங்களைத்தான் அதிகம் தொட்டது. யுஎஸ்பி வெளித்தட்டு நிறுவனங்கள் இதற்கு ஓர் உபாயம் செய்தன: பெட்டிக்குள் இருக்கும் சிறு மின்சுற்று, செக்டர் 4,096 பைட்டு என்று கணினியிடம் சொல்லும், அப்போது அதே 32 பிட்டு எண் எட்டு மடங்கு தூரம் போகும், எக்ஸ்பியிலும் 3 டிபி தெரியும். பெட்டியின் மின்சுற்று பழுதாகி, உள்ளே இருக்கும் தட்டைக் கழற்றி நேரடியாக மாட்டினால், செக்டர் 512 ஆகிவிடும். அட்டவணையின் எண்கள் எல்லாம் தவறான இடத்தைக் காட்டும். தட்டு காலி என்று தோன்றும். தரவு அங்கேயேதான் இருக்கும். அப்படிப்பட்ட தட்டை ஃபார்மட் செய்யாமல், அதே வகைப் பெட்டியைத் தேடிப் பிடித்துப் பொருத்துவதே சரியான வழி.

ஏன் இயங்குதளத்தை மாற்றவில்லை?

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. 'அப்போதே மாற்றியிருக்கலாமே' என்பது எளிதான கேள்வி.

தமிழ் அச்சகங்களை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 2000-இலிருந்தே யூனிகோடு தமிழ் உண்டு. ஆனால் அச்சுத்தொழில் நடந்தது பேஜ்மேக்கரில். அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென வகுத்த எழுத்துருக் குறியேற்றத்தில்தான் தமிழ் தட்டப்பட்டது. அந்த எழுத்துரு மென்பொருள்களில் சில, அச்சுப்பொறித் துறையில் செருகும் பூட்டுச்சாவி இருந்தால்தான் திறக்கும். புதிய கணினிகளில் அந்தத் துறையே இல்லை. தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். அதற்கு முன்பே சேர்ந்துவிட்ட கல்யாணப் பத்திரிகை, பாடநூல், கோயில் மலர்க் கோப்புகள் எல்லாம் பழைய குறியேற்றத்தில். எக்ஸ்பியை விடுவது அந்தக் கோப்புகளையும் விடுவதாகும்.

ஆபீஸ் கணினிகளை மாற்றவைத்தது வன்தட்டு அல்ல, வரி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கும் 2018 ஜூன் 2 முதல் இ-வே பில் வேண்டும் என்றானது. லாரித் தொழில் நடக்கும் நாமக்கல்லில் இதைத் தள்ளிப்போட வழியில்லை. எக்ஸ்பியில் இருந்த பழைய உலாவியால் புதிய பாதுகாப்பு முறையில் இயங்கும் அரசுத் தளங்களைத் திறக்க முடியவில்லை. வங்கிகளும் இதில் முன்மாதிரியாக இருக்கவில்லை: ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓடும் ஏடிஎம்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்கும்படி ரிசர்வ் வங்கி 2018 ஜூன் 21 அன்று சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. எக்ஸ்பி ஆதரவு முடிந்து அப்போது நான்கு ஆண்டு கடந்திருந்தது. கோடிகளில் புழங்கும் வங்கிக்கே அந்த நிலை என்றால், நான்கு தறி வைத்திருப்பவரைக் குறை சொல்வது பொருந்தாது.

ஆக, இணையத்தோடு உறவுள்ள கணினி மாறிவிட்டது. இயந்திரத்தோடு உறவுள்ள கணினி மாறவில்லை. இந்த இரண்டாவது வகைக்கு இன்று மாற்றுத் தட்டு தேடும்போது சில வழிகள் கைகொடுக்கின்றன.

பழைய கேமராக்களில் பயன்பட்ட காம்பேக்ட் ஃபிளாஷ் அட்டை மின்முறையில் ஐடிஇ விதியையே பின்பற்றுவது. மலிவான ஓர் இணைப்பானில் செருகினால் டாஸும் விண்டோஸ் 98-உம் அதை வன்தட்டு என்றே நம்பும். 2 ஜிபி, 4 ஜிபி, 8 ஜிபி அளவுகளில் கிடைப்பதால் பழைய எல்லைகளுக்குள்ளேயே நிற்கும். சுழலும் உறுப்பும் இல்லை, பஞ்சுத்தூசி நிறைந்த தறிக்கூடத்துக்கு அதுவே நல்லது. எக்ஸ்பி கணினிக்கு, சாட்டாவை ஐடிஇ ஆக்கும் பாலச்சுற்றோடு 120 ஜிபி எஸ்எஸ்டி போடலாம். 137-க்குள் இருப்பதால் எந்தச் சேவைத் தொகுப்பு என்ற கவலை இல்லை. பிரிவை மட்டும் எக்ஸ்பியில் உருவாக்காமல் விண்டோஸ் 7 அல்லது லினக்ஸ் கணினியில் ஒரு எம்பி எல்லையில் தொடங்கும்படி உருவாக்கிவிட்டு, பிறகு எக்ஸ்பியை நிறுவ வேண்டும். பழைய கணினியையே மென்பொருளாகப் புதிய கணினிக்குள் ஓட்டும் மெய்நிகர் முறை, எழுத்துரு மட்டும் வேண்டிய அச்சகத்துக்கு ஒத்துவரலாம். தாய்ப்பலகையில் தனி அட்டை செருகி இயந்திரத்தை இயக்கும் இடங்களில் ஒத்துவராது.

என்விஎம்இ வகைத் தட்டை விண்டோஸ் 7-இல் போட நினைப்பவர்களுக்கு எஃப்6 கதைதான் மறுபடியும்: நிறுவும் வட்டில் அதற்கான இயக்கி இல்லை, தனியாகச் சேர்க்க வேண்டும். 2015-க்குப் பிந்தைய பல தாய்ப்பலகைகளில் யுஎஸ்பி விசைப்பலகையும் சுட்டியும்கூட நிறுவும்போது உயிர்பெறுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது, பழைய தட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை முழுத் தட்டாக, செக்டர் செக்டராகப் படியெடுத்து வைப்பது. குளோன்சில்லா போன்ற கட்டற்ற மென்பொருள் இதை இலவசமாகச் செய்யும்; 40 ஜிபி தட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். இயந்திரத்தோடு வந்த நிறுவும் குறுவட்டு பெரும்பாலும் எங்கோ போயிருக்கும். விற்ற நிறுவனமும் இல்லாமல் போயிருக்கலாம். அப்படிப்பட்ட கணினியில், ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தட்டில் இருப்பதுதான் அந்த மென்பொருளின் மிஞ்சிய ஒரே பிரதி.